கோடு போட்ட ரோடு

"அப்பா, வா!"

"வர்றேன் வாணி."

"வர்றேன் வர்றேன்னு சொல்ற. அங்கேயேதான் நிக்கிற!"

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். அப்பா தீர்த்தகிரி புது சிமெண்ட் ரோட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. முழங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. பாதங்கள் மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தன.

பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. வந்தவர் சக்கரவர்த்தி சித்தப்பா, அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பி. பெயர்தான் சக்கரவர்த்தி. அவருடைய ராஜ்யம் ஒரு மொபெட்டும் சில புளியமரங்களும்தான். ஆனால் பேச்சு மட்டும் ஜவ்வாது மலை முழுவதையும் ஆள்கிறவர் மாதிரி இருக்கும்.

"இன்னாண்ணா, ரோட்டுக்குக் காவலா?"

"கால் வர மாட்டேங்குதுடா."

"வராம எங்கே போவும்? குடுங்க கையை!"

சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உடம்பு வந்தது. கால் வரவில்லை. அப்பா அப்படியே குப்புற விழுந்தார்.

"ஐயோ! இழுக்காதீங்க சித்தப்பா!" வாணி ஓடி வந்தாள்.

அப்பாவின் உள்ளங்கை சிராய்த்திருந்தது. சித்தப்பாவின் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. அதை மறைக்க அவர் இன்னும் சத்தமாகப் பேசினார்.

"நேத்து ஓடையில பார்த்தேனே! கல்லு மேல கல்லா, ஆட்டுக்குட்டி மாதிரி தாண்டிப் போனீங்க. இன்னைக்கு வழவழன்னு இருக்கற ரோட்டுல நடக்க முடியலையா? இது சீக்கா, நடிப்பா?"

அப்பா உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வாணிக்குக் கோபம் பொங்கியது. ஆனால் ஓடையில் அப்பா தாண்டிப் போனதை அவளும்தான் பார்த்திருந்தாள்.

அப்பாவுக்கு முதலில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமானது. பேச்சு மெலிந்தது. நடை சின்னச் சின்ன அடியானது. "காத்து பட்டிருக்கும்" என்றார்கள் சிலர். "வேலைக்குச் சோம்பல்" என்றார்கள் சிலர். அம்மா பாஞ்சாலை யார் பேச்சையும் கேட்கவில்லை. போளூருக்கும் அங்கிருந்து வேலூருக்கும் அப்பாவை அழைத்துப் போனாள். வாணியும் கூடப் போனாள்.

வேலூர் டாக்டரம்மா, வாணியையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பேசினார்.

"உங்க அப்பாவுக்கு வந்திருக்கறது பார்க்கின்சன் நோய். நம்ம மூளையில ஒரு சின்ன இடம் இருக்கும்மா. உடம்பை அசைக்கறதுக்கு வேண்டிய ஒரு பொருள் அங்கே ஊறுது. அப்பாவுக்கு அது குறைஞ்சுக்கிட்டே வருது. அதனாலதான் நடுக்கம், தயக்கம் எல்லாம்."

"மாத்திரை போட்டா போய்டுமா?" என்று கேட்டாள் வாணி.

"முழுசாப் போகாது. மெதுவாக் கூடவும் செய்யும். ஆனா நேரம் தவறாம மாத்திரை போட்டா, வேலை வெட்டி பார்த்துக்கிட்டு நல்லாவே இருக்கலாம். இது யாருக்கும் தொத்தாது. யார் செஞ்ச தப்பும் இல்லை."

அதெல்லாம் வாணிக்குப் புரிந்தது. ஓடையில் வருகிற கால் ரோட்டில் ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வாணி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"நீ நடிக்கிறியா?"

அம்மாவின் முறம் நின்றது. "ஏய், இன்னா கேள்வி இது!"

அப்பா கோபப்படவில்லை. வாணியின் தலையைத் தடவினார்.

"நடிக்கத் தெரிஞ்சா, நல்லா நடக்கற மாதிரி நடிச்சிருப்பேனே வாணி!"

வாணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவின் நடுங்குகிற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் ஓடையில வருது, ரோட்டுல வரலை?"

"எனக்கே தெரியலை. நீ கண்டுபிடிச்சுச் சொல்லு, கேட்டுக்கறேன்."

அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் மறுநாளே வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமை அறுப்பு முடிந்ததும், புதுச் சாமையை ஒரு கூடையில் கொட்டி, களத்திலிருந்து காளியம்மன் கோயிலுக்குத் தலைச்சுமையாகக் கொண்டு போவார்கள். வழியில் கூடை தரையில் படக் கூடாது. ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறவும் கூடாது. அந்தக் கூடையைத் தூக்குவது பெரிய கௌரவம். வாணி பிறப்பதற்கு முன்பிருந்தே அதைத் தூக்கி வருபவர் அப்பாதான்.

ஊர்க் கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்றார்.

"கவுண்டரே, அண்ணன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நடுவழியில கூடை கீழே வுழுந்தா ஊருக்கு ஆவுமா? இந்த வருஷம் நான் தூக்கறேன்."

ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்தார். ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான்.

"நீ இன்னா சொல்ற தீர்த்தகிரி? முடியுமா?"

அப்பா எழுந்தார். எழவே கொஞ்ச நேரம் ஆனது. குரலும் மெதுவாகத்தான் வந்தது.

"தூக்கறேங்க."

"சரி. இந்த வருஷம் நீயே தூக்கு. கூடை நடுவுல இறங்கிட்டா, அப்புறம் என்னைக்கும் அது சக்கரவர்த்தி வூட்டுக்குத்தான். சம்மதமா?"

"சம்மதம்."

வாணி ரோட்டைத்தான் நினைத்தாள். போன வருஷம் வரை களத்திலிருந்து கோயிலுக்குக் கரடுமுரடான கல்பாதைதான். இந்த வருஷம்தான் வழவழவென்று சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். ஊரே அதைக் கொண்டாடியது.

அடுத்த நாளிலிருந்து வாணி அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டிப் படியில் அப்பா தடதடவென்று ஏறினார். ஏர் உழுத நிலத்தில் குறுக்கே நடந்தபோதும் நிற்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்தால் வழவழப்பான தரையில் நின்றுவிட்டார்.

ஒருநாள் காலை, அப்பா அப்படித்தான் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த துடைப்பம் சரிந்து அவர் காலுக்கு முன்னால் குறுக்கே விழுந்தது. அப்பா அதைப் பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டினார். அப்படியே வெளியே நடந்து போனார்.

"அப்பா! நில்லு, நில்லு!"

"இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சேன். நிக்கச் சொல்றியே!"

வாணி விறகுக் கட்டைகளை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்தாள்.

"இதைத் தாண்டித் தாண்டி வா!"

அப்பா தாண்டினார். ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது. ஓடையில் கல்தாண்டுகிற அதே நடை! வாணி கட்டைகளை எடுத்துவிட்டாள். கால் ஒட்டிக்கொண்டது. அடுப்புக்கரியால் ரோட்டில் குறுக்குக் கோடுகள் போட்டாள்.

அப்பா அந்தக் கோடுகளையும் தாண்டி நடந்தார்.

"பாஞ்சாலை! இங்கே வந்து பாரு!" அப்பாவின் மெலிந்த குரல் அன்றைக்கு அம்மாவுக்கு நன்றாகவே கேட்டது.

அந்த ஊரில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் செல்போனில் டவர் கிடைக்கும். மூவரும் பாறைக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்கள்.

"சபாஷ் வாணி! சில பேருக்கு அப்படித்தான். தானா வர வேண்டிய நடை நின்னு போகும். ஆனா கண்ணுக்கு எதிரே ஒரு கோடோ படியோ தெரிஞ்சா, மூளை வேற வழியில காலைத் தூக்க வைக்கும்" என்றார் டாக்டரம்மா. கூடை விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். "கூடை கனமா இருக்கக் கூடாது. மாத்திரையை நேரத்துக்குக் குடுங்க. கூடவே ஒருத்தர் நடக்கணும். இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது."

"நான் நடக்கறேன்!" என்றாள் வாணி.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், கூடப் படிக்கும் ரமேஷிடமும் சசிகலாவிடமும் விஷயத்தைச் சொன்னாள். ரமேஷுக்குப் புரியவில்லை.

"வெறும் கோட்டைப் பார்த்தா கால் எப்படி வரும்?"

"உங்க வூட்டுக்குள்ள டவர் கிடைக்குதா?"

"கிடைக்காது. பாறைமேல ஏறணும்."

"போன் கெட்டுப் போச்சுன்னா அர்த்தம்?"

"போன் நல்லாத்தான் இருக்குது. சிக்னல்தான் வரலை."

"எங்க அப்பா காலும் நல்லாத்தான் இருக்குது. சிக்னல்தான் சரியா வரலை."

"அட, கோடுதான் பாறையா!" என்றாள் சசிகலா.

கூடை போகிற நாளில் வீட்டுக்கு வீடு வாசலில் கோலம் போடுவது வழக்கம்; இந்த வருஷம் புது ரோட்டிலேயே போடுவதாக இருந்தார்கள். மூவரும் வீடு வீடாகப் போனார்கள்.

"பெரியம்மா, இந்தத் தடவை பூக்கோலம் வேணாம். ரோட்டுக்குக் குறுக்கே நேர்கோடு போடுங்க. ஓர் அடிக்கு ஒண்ணு."

"கோடா? பார்க்கறவங்க எனக்குக் கோலமே தெரியாதுன்னு நினைப்பாங்களே!"

வாணி காரணத்தைச் சொன்னாள். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவரைச் சோம்பேறின்னு நெனைச்சுட்டேனே வாணி..." என்றார். பிறகு கோலமாவு டப்பாவைத் திறந்து பார்த்தார். "கோடு தடிமனா வேணுமா, மெலிசா வேணுமா?"

எல்லா வீட்டிலும் சம்மதித்தார்கள். கோயிலை ஒட்டிய கடைசி வீடு மட்டும் பூட்டியிருந்தது. அது சக்கரவர்த்தி சித்தப்பாவின் வீடு. சித்தி அம்சவல்லி செங்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் வாணி. திருவிழா வேலையில் அது மறந்தே போனது.

அந்த நாள் வந்தது.

அம்மா நேரம் பார்த்து மாத்திரை கொடுத்தாள். அப்பா குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, களத்தில் வந்து நின்றார். ஊர்க்கவுண்டர் கூடையை எடுத்துத் தலையில் வைத்தார். அப்பா இரண்டு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்தார். மேளம் முழங்கியது.

"போலாமா வாணி?"

"போலாம்ப்பா."

வெள்ளை வெளேரென்று கோடுகள், ஏணியைப் படுக்கப் போட்டதுபோல ரோடு முழுக்கக் கிடந்தன. அப்பா முதல் கோட்டைத் தாண்டினார். அடுத்ததையும் தாண்டினார். வாணி தொடாமல், ஆனால் பக்கத்திலேயே நடந்தாள்.

"என் கோட்டைத் தாண்டிட்டாரு!" என்று பெரியம்மா கை தட்டினார்.

"எங்க வூட்டுக் கோட்டுல பாரு, எவ்ளோ நல்லா நடக்கறாரு!" என்றது அடுத்த வீடு.

அப்பாவின் கழுத்து நிமிர்ந்திருந்தது. வாணியின் கழுத்து அதைவிட நிமிர்ந்திருந்தது.

வளைவு திரும்பினார்கள். கோயில் தெரிந்தது. வாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சித்தப்பா வீட்டுக்கு முன்னால், ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தாமரைக் கோலம்! சிவப்பும் பச்சையும் நீலமுமாக, வளைவு வளைவாக இதழ்கள். நேர்கோடு ஒன்றுகூட இல்லை. விடியற்காலையில் ஊர் திரும்பிய சித்தி, தன் கைத்திறமை முழுவதையும் அங்கே கொட்டியிருந்தாள்.

அப்பாவின் கால் நின்றது.

"வாணி... கோடு எங்கே?"

உடம்பு முன்னால் சாய்ந்தது. முழங்கால் வெடவெடத்தது. கூடை ஆடி, கொஞ்சம் சாமை சிந்தியது.

"புடிங்க! கூடையை வாங்குங்க!" என்று ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" வாணி கத்திய கத்தலில் மேளமே நின்றுவிட்டது. "இழுத்தா வுழுந்துடுவாரு!"

எல்லோரும் அப்படியே நின்றார்கள். சக்கரவர்த்தி சித்தப்பா மட்டும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். கூடைக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

இனிக் கோடு போட நேரமில்லை. மாவும் கையில் இல்லை. வாணி சட்டென்று தாமரைமேல் உட்கார்ந்தாள். அப்பாவின் காலுக்கு முன்னால், குறுக்கே தன் காலை நீட்டினாள்.

"அப்பா, என் காலைத் தாண்டு!"

"உன்னை மிதிச்சுட்டா?"

"மிதிக்க மாட்ட. தாண்டு!"

அப்பா குனியாமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். பாதம் தரையைவிட்டு எழுந்தது. அவளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

"ரமேஷ்! சசி! உக்காருங்க, காலை நீட்டுங்க!"

சசிகலா உட்கார்ந்துவிட்டாள். ரமேஷ் தயங்கினான்.

"யாராச்சும் தாண்டினா வளர மாட்டோம்னு எங்கம்மா சொல்லுவாங்களே!"

"இப்ப மட்டும் வளர்ந்துட்டியா? உக்காருடா!" என்று சசிகலா அவனை இழுத்து உட்கார வைத்தாள்.

அப்பா சசிகலாவைத் தாண்டினார். ரமேஷைத் தாண்டினார். அதற்குமேல் ஆள் இல்லை. கோயில் வாசல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. வாணி எழுந்து முன்னால் ஓடி வருவதற்குள் அப்பா மறுபடி நின்றுவிடுவார்.

"சித்தப்பா! காலை நீட்டுங்க!"

சித்தப்பா தன் நீட்டிய கைகளைப் பார்த்தார். அண்ணனின் தலையிலிருந்த கூடையைப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த கலர்ப்பொடியையும், தன் புத்தம்புது வெள்ளை வேட்டியையும் பார்த்தார்.

"இன்னாய்யா பார்க்கற? உக்காரு!" என்று வீட்டு வாசலிலிருந்து சத்தம் போட்டாள் சித்தி. "வேட்டியை நான் துவைச்சுக்கறேன்!"

சித்தப்பா தொப்பென்று உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

"டேய், மடக்கிடாதடா" என்றார் அப்பா.

"மடக்க மாட்டேன். நீங்க தாண்டுங்கண்ணா."

அவர் காலை இன்னும் நேராக நீட்டினார். அப்பா தாண்டினார்.

அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் உட்கார்ந்தார். மேளக்காரர் ஒருவரும் மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டினார். கோயில் வாசலில், ஊர்க்கவுண்டர் தன் தோள்துண்டை எடுத்து நீளமாக முறுக்கி, கடைசிக் கோடாகக் குறுக்கே போட்டார்.

அப்பா அதையும் தாண்டி உள்ளே போனார். கூடை அம்மன் முன்னால்தான் இறங்கியது.

அப்புறம் எழுந்த குலவைச் சத்தம் அந்தப் பாறைக்கே எட்டியிருக்கும்.

ஊர்க்கவுண்டர் அப்பாவின் தோளில் கை வைத்தார். "அடுத்த வருஷமும் நீதான் தீர்த்தகிரி."

"அடுத்த வருஷம் கால் எப்படி இருக்குமோங்க. இது கூடற சீக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"கூடட்டும். காலை நீட்ட ஊர்ல ஆளா இல்லை?"

அப்பா வாணியை முன்னால் இழுத்து நிறுத்தினார். "கண்டுபிடிச்சது எம் பொண்ணுதாங்க" என்றார். சின்னக் குரல்தான். கோயிலே அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், ரொம்பப் புகழாத. ராத்திரிக்குச் சாமைச்சோறு வைக்கணும். வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

வெளியே வந்தால், ரோட்டில் வரிசை கலையவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் காலை நீட்டி உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

"இன்னாடா, எழுந்திரிக்கலையா?" என்று கேட்டார் அப்பா.

"எப்படி மாமா எழுந்திரிக்கறது?" என்றான் ரமேஷ். "திரும்பித் தாண்டுனாத்தானே நாங்க வளருவோம்!"

அப்பா சிரித்தார். ஒவ்வொரு காலாகத் தாண்டிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில், வேட்டியெல்லாம் சிவப்பும் பச்சையுமாக, சக்கரவர்த்தி சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன்டா உக்காந்திருக்க? இன்னும் வளரணுமா?"

"ஆமாண்ணா. கொஞ்சம் வளர வேண்டித்தான் இருக்குது" என்றார் சித்தப்பா, தலையைச் சொறிந்துகொண்டு.

தம்பியின் காலை மட்டும் அப்பா கொஞ்சம் உயரமாகவே தாண்டினார்.